மூக்கு சாரிடம் சொல்ல வேண்டியது

திண்டிவனத்தில் பிறந்தவனுக்கு ஏக்கம் என்கிற நோய் வரவே வராது என்று ஜினேந்திரன் அறிவித்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரே, ஒரு கையில் டீ கிளாஸும் இன்னொரு கையில் ஹெல்மெட்டுமாக நின்றுகொண்டு, சட்டசபையில் தீர்மானம் வாசிக்கிறவனின் முகத்தோடு அறிவித்தான். அதற்குக் காரணமும் வைத்திருந்தான். சென்னை பஸ், திருச்சி பஸ், பாண்டிச்சேரி பஸ், திருவண்ணாமலை பஸ் எல்லாம் திண்டிவனத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. ஒருத்தரும் அங்கே தங்குவதில்லை. இறங்குகிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஒன்றுக்குப் போகிறார்கள், மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ்நாட்டையே வழியனுப்பிப் பழகிய மண் அது. தடுப்பூசி போட்ட உடம்பில் காய்ச்சல் ஏறாத மாதிரி, திண்டிவனத்தான் உடம்பில் பிரிவு ஏறாது.

"ஆராய்ச்சில ப்ரூவ் ஆயிருக்குது மச்சான்," என்றான்.

"யாரு ஆராய்ச்சி?" என்று கேட்டான் ஆன்டனி.

"நான்தான். சிரிக்காத. உன்ன மாதிரி விழுப்புரத்துக்காரனுங்கதான் இந்த நோயப் பரப்பிக்கினு திரியறீங்க. வெளிநாடு போவ வேண்டியது, திரும்பி வந்து டவுன் பஸ் போர்டக் கூட போட்டோ எடுக்க வேண்டியது."

ஆன்டனி அப்போதுதான் திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து முடித்துக் கைபேசியைச் சட்டைப்பைக்குள் இறக்கியிருந்தான். 

இருவரும் விழுப்புரத்தில் பி.ஏ. சரித்திரம் படித்தவர்கள். ஒரே பெஞ்சு. ஜினேந்திரனின் அப்பா அனந்தராஜுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். படிப்பு முடிந்த கையோடு ஜினேந்திரன் மண்டிக் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கல்லூரியில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கையெழுத்துப் பத்திரிகையை இப்போது கைபேசியில் நடத்திவந்தான். ஊரில் யார் ஃபிளெக்ஸ் வைத்தாலும் அடுத்த நாள் அதைக் கிண்டல் செய்து ஜினேந்திரனின் ஃபிளெக்ஸ் ஒன்று இணையத்தில் வரும். ஆன்டனி தென்னாப்பிரிக்கா போய்விட்டான். கேப் டவுனுக்கு வடக்கே செடர்பெர்க் என்று ஒரு மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் ஆரஞ்சுப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற கம்பெனியில் குடோன் சூப்பர்வைசர். "சரித்திரம் படிச்ச ஒருத்தன் ஆரஞ்சு எண்றான், இன்னொருத்தன் மல்லாட்ட நிறுக்கறான். டிபார்ட்மென்ட்டே பூரிச்சிப் போய்க் கெடக்குது," என்று ஜினேந்திரன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

அந்த ஆன்டனி இப்போது லீவில் வந்து, லீவும் முடிந்து, நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான். கம்பெனி ஐந்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் நீட்டியிருந்தது. அம்மா அமல்ராணிக்கும் விசா வந்துவிட்டது. போனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு போவது. அப்புறம் லீவு என்று வந்து இறங்க விழுப்புரத்தில் ஒரு வாசல்கூட மிச்சமிருக்காது. போகாவிட்டால், மாமா பாக்கியசாமி திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை பேசிவைத்திருந்தார். அதற்கு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விமானமும் இன்றைக்குத்தான். அம்மா திருவண்ணாமலையில் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தாள். தங்கை மகனின் காரில் கெடார் வழியாகத் திரும்பும்போது ரோட்டோரத்தில் ஆன்டனியை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பெட்டிகளெல்லாம் டிக்கியில் தயார். அந்தக் கார் நேரே ஏர்போர்ட்டுக்குப் போவதா, விழுப்புரம் வீட்டு வாசலில் நிற்பதா என்பது மட்டும்தான் தயாராகவில்லை.

"பாறைக்குப் போயி உன்ன ஒண்ணு கேப்பேன்," என்றான் ஆன்டனி, பைக்கின் பின்சீட்டில் ஏறிக்கொண்டே. "போவட்டுமா, இருக்கட்டுமா. அவ்ளோதான். வாழ்க்கைல ஒரு தடவ கிண்டல் பண்ணாம பதில் சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதான்."

"நான் இன்னா கிளி ஜோசியக்காரனா? சீட்டு எடுத்துக் குடுக்க?"

"பாத்தியா? இதான், இதான் வேணான்றேன்."

ஜினேந்திரனிடம் பதில் இருந்தது. பள்ளிக்கூட வேலை பற்றிக் காதில் விழுந்த நாளிலிருந்தே இருந்தது. 'இருடா'. அவ்வளவுதான். மண்டியில் ஆள் இல்லாத நேரம் மூட்டைகளிடம் சொல்லிப் பார்த்திருந்தான். காலையில் திண்டிவனத்திலிருந்து வருகிற வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஹெல்மெட்டுக்குள் அது மிக நன்றாகவே இருந்தது.

கெடாரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டை விட்டு இறங்கினால் மண்பாதை. மல்லாட்டைக் கொல்லை, சவுக்குத் தோப்பு, மறுபடி கொல்லை. அதற்கப்பால், யாரோ வண்டியில் ஏற்றிவந்து அவசரமாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி பெரிய பெரிய பாறைகள். உடும்புப் பாறை என்று பெயர். உடும்பை யாரும் பார்த்ததில்லை. பாறையின் உட்குழிந்த பக்கத்தில் செங்காவி நிறத்தில் ஓவியங்கள் இருந்தன. மூவாயிரம் ஆண்டு என்று ஒரு பேராசிரியர் சொன்னார், ஐயாயிரம் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் அதன்பிறகு பேசிக்கொள்வதில்லை. கீழே 'இதைப் பாதுகாப்பது நம் கடமை' என்று ஒரு நீலப்பலகை நின்றது. ஓவியம் அத்தனை ஆயிரம் மழையைத் தாங்கியிருந்தது. பலகை ஏழெட்டு மழைக்கே வெளுத்து, 'கடமை' மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் மேல் யாரோ டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"டேய், மாறவே இல்லடா!" என்று ஆன்டனி பைக் நிற்கும் முன்பே குதித்தான்.

"மூவாயிரம் வருஷமா மாறாதது, நீ போயிட்டு வர்றதுக்குள்ள டைல்ஸ் ஒட்டிக்கினு நிக்குமா?"

இரண்டாம் வருஷத்தில் துறையிலிருந்து வேன் வைத்து இங்கே கூட்டிவந்தார்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், புளிசாதம் சாப்பிட்டார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். அதோடு மற்றவர்கள் மறந்துபோனார்கள். ஜினேந்திரன், ஆன்டனி, கோபி, செண்பகம் நான்கு பேர் மட்டும் மறக்கவில்லை. வகுப்புக்கு மட்டம் போட்டால் சினிமாவுக்குப் போவதுதான் உலக வழக்கம். இவர்கள் திருவண்ணாமலை பஸ் ஏறி இங்கே வந்தார்கள். சரித்திர வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சரித்திரத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

பாறையில் பெரிதாகத் தெரிவது ஒரு மனித உருவம். ஒரு கை இடுப்பில், ஒரு கை மேலே. முகத்துக்குப் பதில் பறவையின் அலகு மாதிரி நீண்டுகொண்டு ஏதோ ஒன்று. முகமூடி என்கிறார்கள். அவனுக்குப் பின்னால் மூன்று பேர் கைகோத்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு மிருகம், மாடா குதிரையா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. அலகு முகத்தானைப் பார்த்த முதல் நாளே ஜினேந்திரன் அவனுக்கு 'மூக்கு சார்' என்று பெயர் வைத்துத் துறைத்தலைவர் பதவியும் கொடுத்துவிட்டான். அதோடு ஒரு சட்டமும் போட்டான். மட்டம் போட்டதற்குக் கல்லூரியில் கொடுக்கிற லீவு லெட்டரில் காய்ச்சல், வயிற்றுவலி, மாமா சாவு என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இங்கே வந்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன், ஒவ்வொருத்தரும் மூக்கு சார் எதிரே கைகட்டி நின்று, 'சார், நான் இன்னிக்கி வகுப்புக்கு வரல சார், ஏன்னா' என்று ஆரம்பித்து, உண்மையான காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டுக்குத்தான் போட்ட சட்டம். ஆனால் கோபி, "ஏன்னா அப்பா குடிச்சிட்டு வந்து புக்கெல்லாம் கெணத்துல போட்டுட்டாரு சார்," என்றான். செண்பகம், "ஏன்னா நேத்து என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்க சார், பசங்க மூஞ்சப் பாக்கப் புடிக்கல," என்றாள். ஆன்டனியின் அப்பா இறந்து நாற்பதாம் நாள் முடிந்த மறுநாள், அவன் வெகுநேரம் கைகட்டி நின்றுவிட்டு, "ஏன்னா அம்மா இன்னும் மூணு தட்டு எடுத்து வைக்கிது சார்," என்றான். அன்றைக்கு யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஜினேந்திரனின் முறை வரும். "ஏன்னா உங்க மூக்கு ஞாபகம் வந்துட்ச்சி சார்," என்பான். அடுத்த முறை, "ஏன்னா பசுமாடு என் மேல கேஸ் போட்டிருக்குது சார்," என்பான். படிப்பு முடிகிற வரை சட்டத்தை இயற்றியவன் ஒரு தரம்கூடச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. எந்தச் சட்டசபையிலும் இதுதானே நடைமுறை.

இருவரும் ஏறி, உட்குழிந்த நிழலுக்குள் போனார்கள். ஆன்டனி செருப்பைக் கழற்றிவிட்டான்.

"கோயிலா இது?"

"அங்க அப்பிடித்தான் பழக்கமாயிட்ச்சி."

"எங்க?"

ஆன்டனி தயங்கினான். அப்புறம் சொன்னான். போன வருஷம் கம்பெனியில் எல்லோரையும் செடர்பெர்க் மலைக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருந்தார்கள். ஆற்றங்கரையோடு ஒரு நடைபாதை, வழியெல்லாம் பாறைகள், பாறையெல்லாம் ஓவியங்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் வரைந்தவை. யானைகள் வரிசையாகப் போகும். மனிதர்கள் மெலிசாக, நீள நீளக் காலோடு, ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். சில இடத்தில் கைத்தடங்கள் மட்டும் இருந்தன. அவை பின்னால் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு வந்த கோய்கோய் மக்களுடையதாக இருக்கலாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாளாம். இருக்கலாம் என்றுதான் சொன்னாள், அடித்துச் சொல்லவில்லை.

"அதே கலரு மச்சான். இதே செங்காவி. அந்த வரிசையில ஒருத்தன், அசப்புல மூக்கு சாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்ச்சி. அங்க போயி அத்தினி நாள்ல நான் வாயத் தொறந்து தமிழ்ல ஒரு வார்த்த பேசல. போன்ல பேசறது வேற. அதான்..." ஆன்டனி நிறுத்தினான்.

"அதான்?"

"கைய கட்டிக்கினு நின்னு, 'சார், நான் வரல சார், ஏன்னா'ன்னு ஆரம்பிச்சிட்டேன்."

ஜினேந்திரனுக்குக் கடவுளே நேரில் வந்து கொடுத்த மாதிரி இருந்தது. "இரு, இரு. தமிழ்லயா? அங்க இருக்கற ஓவியத்துக்கிட்டயா?"

"ம்."

"சப்டைட்டில் யாரு போட்டா?"

"டேய்."

"அந்த வழிகாட்டி இன்னா பண்ணிச்சி? ஆம்புலன்சுக்கு போன் பண்ணிச்சா?"

"அவங்க நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சிக்கினாங்க," என்றான் ஆன்டனி. "எல்லாரையும் சத்தம் போடாதீங்கன்னு கையக் காட்னாங்க. எங்க மேனேஜர் தொப்பியக் கழட்டிக்கினு நின்னாரு. கூட வந்தவங்க எல்லாரும் நின்னாங்க, நான் முடிக்கிற வரைக்கும்."

ஜினேந்திரன் பாறையிலேயே படுத்துப் புரண்டு சிரித்தான். விழுப்புரம் தமிழில் ஒருவன் ஏதோ புலம்ப, பல தேசத்து ஆரஞ்சுத் தொழிலாளர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்த காட்சி இந்த ஒரு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த மிகப்பெரிய சொத்து. மேனேஜராக நடித்துக் காட்டினான். யானையாக நடித்து, 'இன்னாபா சொல்றான் இவன்?' என்று பின்னால் வருகிற யானையைக் கேட்டுக் காட்டினான். ஆன்டனியும் சிரித்தான். அவனுக்கு எப்போதுமே ஜினேந்திரன் நடித்தால் சிரிப்பு வந்துவிடும், தன்னையே நடித்தாலும்.

"அப்பிடி இன்னாதாண்டா சொன்ன அதுங்ககிட்ட?" என்று கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான் ஜினேந்திரன்.

"அது உனக்கு எதுக்கு? உன்கிட்டயா சொன்னேன்?"

சாப்பாட்டைப் பிரித்தார்கள். அமல்ராணி விடிகாலை தங்கை மகனின் காரில் ஏறுவதற்கு முன்பே கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தாள். புளிசாதம், மல்லாட்டைத் துவையல், கேப்பை வடை. எதிலும் வெங்காயம் பூண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. ஜினேந்திரன் வீட்டில் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள், மண்ணுக்குள் விளைகிற கிழங்கு எதுவும் தொடமாட்டார்கள் என்று முதல் வருஷத்தில் யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, அமல்ராணி அவனுக்கென்று ஒரு தனிச் சட்டி வைத்திருந்தாள். மீன் குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் அந்தச் சட்டி இருக்கும். அதை வேறு எதற்கும் எடுக்கமாட்டாள். மல்லாட்டை மட்டும் மண்ணுக்குள் விளைந்தாலும் கிழங்கில்லை என்று அவளே ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஜினேந்திரனின் அம்மா சாந்தாமணியும் போனில் அதை ஊர்ஜிதம் செய்தாள். மண்டி வைத்திருக்கிற குடும்பம் வேறென்ன சொல்லும்?

சாப்பிட்டுக் கை கழுவினார்கள். வெயில் பாறையின் விளிம்பு வரை வந்து நின்றது. கீழே தூரத்தில் ரோட்டில் பஸ்கள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. ஆன்டனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கோபி உட்காருகிற இடம், செண்பகம் உட்காருகிற இடம் இரண்டையும் விட்டுவிட்டு, தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அதைக் கவனித்தபோது, ஜினேந்திரனும் தன் இடத்தில்தான் இருந்தான்.

"ஜினா," என்றான் ஆன்டனி. "கேக்கட்டுமா?"

"கேளு."

"போவட்டுமா, இருக்கட்டுமா?"

ஜினேந்திரன் வாயைத் திறந்தான். காலையில் ஹெல்மெட்டுக்குள் அவ்வளவு லேசாக வந்த சொல். அது இப்போது வர மறுத்தது. ஆன்டனி நேராக அவன் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையில் கிண்டலுக்கு இடமே இல்லை. இப்படி ஒரு பார்வைக்கு எதிரில் என்ன செய்ய வேண்டும் என்று ஜினேந்திரன் எந்தக் காலத்திலும் கற்றுக்கொண்டதில்லை. முகத்தில் ஏதோ சூடாக ஏறியது. அது கண்ணுக்கு வந்துவிடுமோ என்று பயந்த அந்த நொடியில், வாய் தன் பாட்டுக்குத் தன் தொழிலைப் பார்த்தது.

"நீ இங்க வாத்தியாரா வந்தா, பானிபட் போர்ல ஜெயிச்சது ஆரஞ்சுப் பழம்னு சொல்லிக் குடுப்ப. புள்ளைங்க பாவம்டா. கெளம்பு. நாட்டுக்கு நல்லது."

ஆன்டனி சிரித்தான். வழக்கம்போலத்தான் சிரித்தான், ஆனால் சீக்கிரம் முடித்துக்கொண்டான்.

"சரி," என்றான்.

"டேய்..." என்றான் ஜினேந்திரன்.

ஆன்டனி சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தத் தண்ணி பாட்டில எடு."

ஆன்டனி எடுத்துக் கொடுத்தான். கைபேசியை எடுத்து மாமா பாக்கியசாமிக்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சுருக்கமாகப் பேசிவைத்தான். அப்புறம் எழுந்துபோய் மூக்கு சார் எதிரே கைகட்டி நின்றான். உதடு அசைந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. பழைய காலத்தில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொல்வார்கள். இன்றைக்கு அவன் மூக்கு சாருக்கு மட்டும் சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். ஜினேந்திரன் இரண்டடி பக்கத்தில் நகர்ந்து பார்த்தான். அப்போதும் கேட்கவில்லை.

"ஃபாதர்! பூச முடிஞ்சிதா? கார் வந்துரும், ஜல்தி!" என்று குரல் கொடுத்தான்.

ரோட்டுக்கு வந்தபோது கார் முன்பே வந்து புளியமரத்தடியில் நின்றது. அமல்ராணி பின்சீட்டிலிருந்து இறங்கினாள். மகன் முகத்தைப் பார்த்தாள், ஜினேந்திரன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாச்சி?"

"ஏர்போர்ட்டுதாம்மா," என்று சொல்லிவிட்டு ஆன்டனி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

 அமல்ராணி ஜினேந்திரனைத் தனியாகப் புளியமரத்துக்கு மறுபக்கம் கூட்டிப்போனாள். "நீ இன்னா கண்ணு சொன்ன?"

"கெளம்புன்னு சொன்னம்மா."

"நீயா சொன்ன?"

"ஆமா. இங்க இருந்து இன்னா பண்ணப் போறான்? அங்க உங்கள யான மேல ஏத்தி ஊர்வலம் வுடுவான்."

அவள் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள். "நீ எப்பிடியும் இருன்னு சொல்லிடுவன்னு நெனச்சிக்கினு, வீட்டு சாவிய ஓனர்கிட்ட குடுக்காமலே வந்துட்டேன் பாரு. பைத்தியக்காரி. நாளைக்கி போயி குடுத்துட்றியா?"

"குடுத்துட்றம்மா."

"உன் சட்டி அடுப்பு மேலயே இருக்குது. அத நீ எடுத்துக்கினு போயிடு, வேற யாரும் எடுத்துடப் போறாங்க." அவன் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான் கண்ணு. அங்கயாச்சும் ஒரே சட்டில சமைச்சிட்டுப் போறேன், இங்க ரெண்டு அடுப்பும் பேஜாரு."

கார் கிளம்பும்போது ஆன்டனி கண்ணாடியை இறக்கினான். "திண்டிவனம் தாண்டித்தான போவப் போறோம். பின்னாடியே வாடா, பஸ் ஸ்டாண்டாண்ட டீ சாப்புடலாம்."

"நீங்க போய்க்கினே இருங்க. பெட்ரோல் போட்டுக்கினு வந்துட்றேன்."

டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. கார் வளைவில் மறைகிற வரை நின்றான். மறைந்த பிறகும் நின்றான். திண்டிவனத்தானுக்குப் பழக்கமான வேலைதான். போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்கப்புறம் திரும்பிவிட வேண்டும். அவன் திரும்பினான். ஆனால் பைக் ரோட்டில் ஏறாமல் மறுபடி மண்பாதையில் இறங்கியது. அதற்கு அவன் தன்னிடம் காரணம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாறையில் வெயில் உள்ளே வந்து ஓவியங்களின் மேலேயே விழுந்திருந்தது. காவி நிறம் அப்போதுதான் பூசினது போல எழுந்து நின்றது. கைகோத்த மூன்று பேரில் நடுவில் இருப்பவனுக்கு ஒரு கால் கொஞ்சம் தூக்கியிருப்பது இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆடுகிறானா, கிளம்புகிறானா, யாருக்குத் தெரியும். ஜினேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்தான். கீழே கொல்லையில் ஒரு டிராக்டர் மட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர்காரர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டான். அப்புறம் செருப்பைக் கழற்றினான். கழற்றின செருப்பைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். மறுபடி கழற்றினான்.

கைகட்டினான். இல்லாத தொண்டைக் கமறலைச் சரிசெய்தான்.

"சார், உங்க மூக்கு..." என்று ஆரம்பித்தான். அது பாதியிலேயே நின்றுவிட்டது. சிரிக்க ஆளில்லாத இடத்தில் அந்த வாக்கியத்துக்கு முடிவே இருக்கவில்லை.

மூக்கு சார் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை.

"அவன் உங்ககிட்ட இன்னா சார் சொன்னான்?" என்று ஜினேந்திரன் கேட்டான். பதில் வராது என்று தெரிந்ததும், சட்டப்படி முதலிலிருந்து ஆரம்பித்தான். "சார், நான் இன்னிக்கி மண்டிக்குப் போவல சார். ஏன்னா..."

அந்த இடத்தில் குரல் உடைந்தது. அப்புறம் தன் இடத்துக்குப் போகாமல், ஆன்டனியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். ஹெல்மெட்டுக்குள் சொன்னதைச் சொன்னான். மூட்டைகளிடம் சொன்னதைச் சொன்னான். தினமும் ராத்திரி, தென்னாப்பிரிக்காவில் இப்போது மணி என்ன என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான் என்பதையும் சொன்னான். அது ஆன்டனிக்கே தெரியாது. சொல்லச் சொல்ல இன்னும் இருந்தது.

கைபேசி அடித்தது. அம்மா.

"பொழுது சாயப் போவுது, எங்கடா இருக்க? அதுக்குள்ள வந்து சாப்புட வேணாமா? ஆன்டனி போயிட்டானா?"

"போயிட்டாம்மா."

"நீ கெளம்பலியா?"

"வர்றேன். சார்கிட்ட பேசிக்கினு இருக்கேன்."

"எந்த சாரு?"

"எங்க சாருதான். வச்சிட்றியா," என்று சொல்லி ஜினேந்திரன் கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பாறைப் பக்கம் திரும்பிச் சரியாக உட்கார்ந்தான்.

"இன்னா சார் சொல்லிக்கினு இருந்தேன்?"